கொப்பூழ்க்கொடிக் குருதியும் என்பு மச்சை மாற்றீடும்

உடம்பைத் தாங்கும் தாதுக்கள் ஏழென்பது நம்மவர் வைத்திய நூல்களின் கொள்கை. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மச்சை, சுக்கிலம் என அவை முறையே எண்ணப்படும். முன்னையதினின்று பின்னையது விளையும் என்பதும் அந்நூலார் கருத்து. இம்முறைப்படி குருதி இரண்டாந் தாது. என்பின் உட்டுளையில் உறையும் மச்சை ஆறாந் தாது. குருதியினின்று படிப்படியாக மச்சை தோன்றும் என்பதே இதனாற் பெறப்படும். உண்மை இதற்கு மறுதலை என்பது 1868 ஆம் ஆண்டிலே புலனாயிற்று. கோனிக்ஸ்பேர்க் நகரிலே நொய்மன் என்பாரும், இத்தாலியிலே பிற்சொசேரோ என்பாரும் வெவ்வேறாக ஆராய்ந்து, மச்சையே குருதிக்குப் பிறப்பிடம் எனக் கண்டனர்.

அன்று தொடங்கிய ஆராய்ச்சி, நோயாளியின் கெட்ட மச்சையை ஒழித்துப் பிறரொருவரின் நன்மச்சையை அவர் உடலில் நிலைபெறச் செய்யும் சிகிச்சையாக வளர்ந்தது. வளர்ந்து, பிள்ளைப்பேற்றின் பின்னர் வளவின் மூலையிலே புதைக்கப்படும் கொடியினிடத்தும் ஈற்றில் ஒரு மருந்தைக் கண்டது. இதன் வரலாற்றையும் தத்துவத்தையும், இதனாற் பெறத்தக்கன இவை, பெறவியலாதன இவை என்பவற்றையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதியின் வித்து

குருதியிலுள்ள குழியங்கள் மூவகைப்படும். ஒட்சிசனைச் சுமந்து செல்வன செங்குழியங்கள்; நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்பன வெண்குழியங்கள்; காயம்பட்டவிடத்துக் குருதி உறைதற்கு உதவுவன சிறுதட்டுக்கள். இவற்றுட் பெரும்பாலன நெடிது வாழ்வதில்லை. செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் வாழும். சிறுதட்டு 10 நாளளவில் அழியும். வெண்குழியங்களுட் பல சில நாட்களும் நில்லா. ஆதலின் இழப்பை ஈடுசெய்தற்கு மச்சை ஓயாது உழைத்தல் வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலிலே ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 20 இலட்சம் செங்குழியங்கள் புதிதாய்த் தோன்றுகின்றன.

இத்துணைப் பெரிய விளைவிற்கும் வித்தாயிருப்பன, மச்சையில் மிக அருகிக் காணப்படும் மூலக்கலங்கள் ஆகும். மூலக்கலம் பிரிவடையும்போது தன்னையொத்த மூலக்கலத்தையும் தரவல்லது. மூவகைக் குழியங்களாக முதிரத்தக்க கலங்களையும் தரவல்லது. கமக்காரன் ஒருவன் விளைந்த நெல்லை உணவிற்கு எடுத்தபோதும் விதைநெல்லைத் தனியே காத்து வைக்கின்றானன்றோ? மூலக்கலத்தின் இயல்பும் அத்தகையதே. அவ்விதைநெல் உள்ளவரை விளைவு குன்றாது.

விதை கெடின் விளைவும் கெடும். சிலரிடத்து மூலக்கலங்கள் அருகி மச்சை வறண்டு போகின்றது. மூவகைக் குழியங்களும் ஒருங்கே குறைகின்றன. சிலரிடத்து வெண்குழியங்களின் முன்னோடிக் கலங்கள் முதிராமலே கட்டின்றிப் பெருகுகின்றன. இதுவே லியூக்கீமியா எனப்படும் குருதிப் புற்றுநோய். வேறு சில குழந்தைகள் நோயெதிர்க்கும் வெண்குழியங்கள் இன்றியே பிறக்கின்றன.

தலசீமியா நோயிலோ, ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகு குறைபாடுடையதாதலின் செங்குழியங்கள் செவ்வனே உருவாவதில்லை. இந்நோய் கடுமையாயுள்ள குழந்தைக்கு மூன்று நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை பிறர் குருதி ஏற்றல் வேண்டும். ஏற்றிய குருதியிலுள்ள இரும்பு வெளியேற வழியின்றி ஈரலிலும் இருதயத்திலும் படியும். அதனை அகற்றும் மருந்தை நெடுங்காலமாக இரவிரவாகத் தோலின்கீழ் ஊசிவழிச் செலுத்தி வந்தனர். இக்காலத்து வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் உள. இலங்கையிலும் இந்நோயால் வருந்தும் குடும்பங்கள் பல. குருநாகலிலே இந்நோய்க்கெனத் தனி நிலையமொன்று இயங்கி வருகின்றது. குருதியேற்றல் நோயைத் தாங்கச் செய்யுமேயன்றித் தீர்க்காது. கெட்ட வித்தை நீக்கி நல்வித்தை இடுதல் கூடுமாயின் நோய் வேரோடு தீரும் என்ற எண்ணமே மச்சை மாற்றீட்டின் அடிப்படையாகும்.

அழிவிற் பிறந்த அறிவு

1945 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம், 9 ஆம் நாட்களில் யப்பானிலே கிரோசிமா, நாகசாக்கி ஆகிய நகரங்களின்மேல் அணுக்குண்டுகள் வீழ்ந்தன. வெடியிலும் தீயிலும் தப்பியோருட் பலர் சில கிழமைகளின் பின்னர்க் குருதி கசிந்தும் கிருமி தொற்றியும் மாண்டனர். கதிர்வீச்சு அவர்தம் மச்சையை அழித்திருந்தமையே காரணமாகும். இக்கொடுமைக்கு மாற்றுத் தேடிய முயற்சியிலேயே மச்சை மாற்றீட்டு ஆராய்ச்சி தீவிரமுற்றது.

1949 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சிக்காக்கோ நகரில் ஜேக்கப்சன் என்பார், எலிகளின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டு, உயிர்போக்கும் அளவு கதிர்வீச்சை அவற்றின்மேற் செலுத்தினார். எலிகளிலே மண்ணீரலும் குருதி ஆக்குமிடமாகும். மண்ணீரல் மறைக்கப்பட்ட எலிகள் பிழைத்தன. 1951 இல் லோறென்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும், கதிர்வீச்சிற்கு ஆளான எலிகளுக்கு வேறு எலிகளின் மச்சையை ஏற்றியும் அப்பயனைப் பெற்றனர். மச்சையிலுள்ள சுரப்புப் பொருளொன்று எலியைக் காத்ததா, அன்றி மச்சைக் கலங்களே குடியேறித் தழைத்தனவா என்னும் வினா எழுந்தது. 1956 இல் இங்கிலாந்திலே ஹாவெல் ஆராய்ச்சி நிலையத்தினர், தனி அடையாளமுடைய நிறமூர்த்தத்தைக் கொண்ட எலியின் மச்சையை வேறோர் எலிக்கு ஏற்றினர். பிழைத்த எலியின் மச்சையிலே அவ்வடையாளமுடைய கலங்களே நிறைந்திருந்தன. குடியேறியவை கலங்களே என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. 1961 இல் கனடாவிலே ரொறன்ரோ நகரில் றில், மக்கலக் என்னும் இருவர், ஏற்றிய மச்சைக் கலங்கள் எலியின் மண்ணீரலிலே சிறு முடிச்சுக்களாக வளர்தலைக் கண்டு எண்ணினர். ஒவ்வொரு முடிச்சும் ஒரே கலத்தின் வழிவந்தது எனப் பின்னர்க் காட்டப்பட்டது. மூலக்கலம் என்னும் கருத்து இவ்வாறு சோதனையால் உறுதி பெற்றது.

பொருத்தம் என்னும் தடை

எலியிற் கைகூடியது மனிதரிடத்து எளிதிற் கைகூடவில்லை. அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ் 1957 இல் ஆறு நோயாளருக்குப் பிறர் மச்சையை நாளத்தின்வழி ஏற்றிய செய்தியை வெளியிட்டார். இருவரிடத்தே மச்சை சிறிது காலம் தங்கியது, எவரும் பிழைத்திலர். 1958 இல் யூகோசிலாவியாவின் வின்சா அணுவுலையில் நேர்ந்த விபத்திற் கதிர்வீச்சுக்கு ஆளானோர் பாரிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் ஐவருக்கு ஜோர்ஜ் மத்தே என்பார் மச்சை ஏற்றினார், நால்வர் பிழைத்தனர். எனினும் ஏற்றிய மச்சை நிலைத்து நிற்கவில்லை; அவர்தம் சொந்த மச்சையே மீண்டும் தழைத்தது.

இத்தோல்விகளின் காரணம் இரண்டு. அயலான் மச்சையை நோயாளியின் உடல் பகையெனக் கொண்டு அழித்தல் ஒன்று. மற்றையது இதனினும் விந்தையானது. மச்சையுடன் நோயெதிர்க்கும் வெண்குழியங்களும் வருகின்றனவாதலின், அவை தாம் புகுந்த உடலையே பகையெனக் கொண்டு தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குகின்றன. சிறுநீரகத்தை மாற்றுவோருக்குப் பெரும்பாலும் முன்னைய பகை ஒன்றே. மச்சையை மாற்றுவோருக்கோ இருபுறமும் பகை.

இப்பகையை மூட்டும் அடையாளங்கள் யாவை என்பதற்கு விடை, பிரெஞ்சு அறிஞர் டொசே 1958 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வெளிப்படலாயிற்று. இப்பணிக்காக அவருக்கு 1980 இல் நோபெல் பரிசில் பகிர்ந்தளிக்கப்பட்டது. குருதியினத்திற்கு அடையாளங்கள் இருத்தல் போல இழையங்களுக்கும் அடையாளங்கள் உள. அவற்றை ஆளும் பரம்பரையலகுகள் ஆறாவது நிறமூர்த்தத்திலே நெருங்கி அமைந்திருத்தலின், தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் தாயிடமிருந்து ஒரு தொகுதியுமாகப் பிள்ளையை அடைகின்றன. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முற்றும் பொருந்துதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. உடன்பிறந்தோர் இருவராயின் அவருள் ஒருவரேனும் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 44. மூவராயின் நூற்றுக்கு 58. பிள்ளைகள் இருவரே உள்ள இக்காலக் குடும்பங்களில் இவ்வாய்ப்பு நூற்றுக்கு 25 ஆகவே நிற்கும்.

இழையப் பொருத்தம் அறிந்து செய்தபோது நற்பேறு கிட்டலாயிற்று. 1968 இல் மினசோட்டாவிலே றொபேட் குட் என்பார், நோயெதிர்ப்பின்றிப் பிறந்த குழந்தையொன்றை அதன் தமக்கையின் மச்சையாற் காப்பாற்றினார். பலர் இம்முயற்சியைக் கைவிட்ட காலத்தும் தளராதிருந்த தோமஸ், சியாற்றில் நகரிலே லியூக்கீமியா முற்றி வேறு வழியற்ற 100 நோயாளருக்குச் செய்த சிகிச்சையின் பயனை 1977 இல் வெளியிட்டார். அவருள் 13 பேர் நோயின்றி வாழ்ந்திருந்தனர். பதின்மூன்று சிறிய தொகைதான். ஆயின் அவர் அனைவரும் இறப்பு உறுதியென வைத்தியர் கணித்தவராவர். அதன்பின் நோய் முற்றுமுன்னரே இச்சிகிச்சையைச் செய்யலாயினர், பயனும் பெருகிற்று. 1981 இல் தலசீமியா நோய்க்கும் இதே நகரில் மச்சை மாற்றீடு செய்யப்பட்டது. இத்தாலியிலே பெசாறோ நகரில் லூக்காறெல்லி என்பார் இதனைப் பெருக வளர்த்தார். தோமசிற்கு 1990 இல் நோபெல் பரிசில் பகிர்ந்தளிக்கப்பட்டது. முதல் ஆறு நோயாளரையும் இழந்ததற்கும் இப்பரிசிலுக்கும் இடையே 33 ஆண்டுகள் கழிந்திருந்தன.

உடன்பிறந்தார் பொருந்தாதவிடத்து என் செய்வது? 1974 இல் இலண்டனிலே, பொருத்தமான மச்சை கிடையாத மகனுக்காகத் தாயொருத்தி கொடையாளர் பதிவேடொன்றைத் தொடங்கினார். அன்ரனி நோலன் என்னும் அச்சிறுவன் பொருத்தம் கிடையாமலே 1979 இல் இறந்தான். அவன் பெயர் தாங்கிய அப்பதிவேடு பிற்காலத்துப் பல்லாயிரவருக்குக் கொடையாளரைத் தேடித் தந்தது. எனினும் பதிவேடுகளிற் பெருந்தொகையினர் ஐரோப்பிய மரபினராதலின், பிற மரபினருக்குப் பொருத்தம் கிடைத்தல் இன்றும் அரிதாகவே உளது.

கொடியிற் கண்ட வித்து

தாயின் உதரத்திலே சிசுவின் குருதி முதலிலே ஈரலிலும் பின்னர் மச்சையிலும் உருவாகின்றது. இக்குடிபெயர்வு நிகழுங் காலத்து மூலக்கலங்கள் குருதியோடு கலந்து ஓடுகின்றன. ஆகவே பிறக்குந் தறுவாயில் குழந்தையின் குருதியிலும், அதனோடு தொடர்ந்த கொப்பூழ்க்கொடியிலும் சூல்வித்தகத்திலும் அவை மிகுந்திருக்கும். இத்தகைய கலங்கள் கொடிக் குருதியில் உளவென்பது 1974 இலேயே காட்டப்பட்டது. 1980 களிலே இந்தியானாவில் ஹால் புறொக்ஸ்மயர் என்பாரும் அவர்தம் குழுவினரும், ஒரு குழந்தையின் கொடிக் குருதியே ஒரு மாற்றீட்டிற்குப் போதுமானது என்றும், உறையவைத்து மீட்டாலும் அதன் வீரியம் கெடாது என்றும் காட்டினர்.

அந்நாளில் அமெரிக்காவிலே வட கரோலினாவில், பன்கோனிச் சோகை என்னும் பரம்பரை நோயால் மச்சை வறண்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் தாய் கருவுற்றிருந்தார். கருவிலிருந்த பெண் குழந்தை அந்நோயற்றது என்பதும், அண்ணனுக்கு இழையம் பொருந்தியது என்பதும் சோதனையால் அறியப்பட்டன. பிறப்பின்போது அவளது கொடிக் குருதி சேர்க்கப்பட்டு உறையவைக்கப்பட்டது. பன்கோனிச் சோகையுடையோர் கடுமருந்தையும் கதிர்வீச்சையும் தாங்கமாட்டார். அவற்றை அளவறிந்து குறைத்து வழங்கும் முறையைப் பாரிஸ் நகரின் சென் லூயி வைத்தியசாலையிலே எலியான் குளுக்மன் என்னும் அம்மையார் கண்டறிந்திருந்தார். ஆதலின் சிறுவனும், உறைந்த குருதியும் அந்நகரை அடைந்தனர். 1988 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே அக்குருதி ஏற்றப்பட்டது. தங்கையின் மூலக்கலங்கள் அண்ணனின் என்புகளிற் குடிபுகுந்து தழைத்தன. முப்பது ஆண்டுகள் கடந்தும் அவர் நலமுடன் வாழ்ந்தமை இச்சிகிச்சையின் உறுதிக்குச் சான்றாகும்.

உடன்பிறந்தாருக்கு உதவியது அயலாருக்கும் உதவுமா? நியூயோர்க் குருதி நிலையத்திலே பப்லோ றூபின்ஸ்ரைன் என்பார் கொடிக் குருதி வங்கியொன்றை அமைத்தார். உறவில்லாத குழந்தையின் கொடிக் குருதியைக் கொண்டு 1993 இல் முதன்முதலாக மாற்றீடு நிகழ்ந்தது. அதுமுதல் உலகெங்கும் பல்லாயிரம் நோயாளர் இவ்வழியாற் சிகிச்சை பெற்றுள்ளனர்.

நிறையும் குறையும்

கொடிக் குருதியின் தலையாய சிறப்பு அதன் இளமை. பிறந்த குழந்தையின் வெண்குழியங்கள் இன்னும் பகையைக் கண்டறியாதன. ஆகவே இழைய அடையாளங்களுள் ஒன்றிரண்டு பொருந்தாவிடினும் அவை புகுந்த உடலைத் தாக்குதல் குறைவு. முற்றும் பொருந்தும் கொடையாளரைக் காணமாட்டாத மரபினருக்கு இஃது ஒரு பெரும் வாயில். மேலும், கொடுப்போருக்கு யாதொரு நோவும் இல்லை. வீசி எறியப்படுவதே சேர்க்கப்படுகின்றது. திரவ நைதரசனிலே பாகை செல்சியசில் 196 எனும் அளவிற்கு உறைநிலைக்குக் கீழே வைத்த குருதி, வேண்டும்போது உடனே எடுக்கப்படலாம்.

குறையோ அளவு பற்றியது. வளர்ந்த ஒருவரின் இடுப்பென்பிலிருந்து ஒரு லீற்றரளவு மச்சை பெறலாம்; கொடியிலிருந்து கிடைப்பதோ பெரும்பாலும் 100 மில்லிலீற்றரை அடுத்தது. உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் குறைந்தது 2½ கோடி கருவுடைக் கலங்கள் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. 15 கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்கு 37½ கோடி போதும். 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கோ 150 கோடி வேண்டும். கொடிகளுட் பல அத்துணை தருவதில்லை. வித்துக் குறையின் பயிர் முளைத்தலும் தாமதமாகும். மச்சையினும் கொடிக் குருதி தழைத்தற்குக் கூடிய நாட்கள் செல்லும். அந்நாட்களிலே நோயாளி கிருமிகளுக்கு இரையாதல் கூடும்.

இக்குறையை நீக்க இரு குழந்தைகளின் கொடிக் குருதியை ஒருங்கே ஏற்றும் முறை மினசோட்டாவிலே வளர்க்கப்பட்டது. வளர்ந்தோருக்கு இம்முறை உதவிற்று. எனினும் போதிய அளவுள்ள ஓரலகு கிடைக்கும் சிறுவருக்கு இரண்டாலே மிகுபயன் இல்லையென 2014 இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. கலங்களை ஆய்வுகூடத்திலே பெருக்கி ஏற்றுதல் மற்றொரு வழி. இவ்வாறு பெருக்கிய கொடிக் குருதிச் சிகிச்சையொன்றிற்கு 2023 ஏப்பிரலில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இதற்கிடையே வேறு வழிகளும் திறந்தன. பாதி மட்டும் பொருந்தும் தாய், தந்தை, மக்கள் ஆகியோரின் கலங்களை ஏற்றிச் சில நாட்களின் பின் சைக்கிளோபொசுபமைட்டு என்னும் மருந்தால் பகைகொள்ளும் வெண்குழியங்களை அடக்கும் முறை, பல்ரிமோர் நகரிலே வளர்ந்து எங்கும் பரவியது. அதனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொடிக் குருதியின் பயன்பாடு குறைந்தது. யப்பானிலோ இன்றும் மிகுதியாக வழங்குகின்றது. நோயாளியின் மூலக்கலங்களையே வெளியே எடுத்து, அவற்றின் பரம்பரையலகைத் திருத்தி மீள ஏற்றும் சிகிச்சையும் 2023 நவம்பரிலே பிரித்தானியாவில் தலசீமியாவுக்கு அனுமதிக்கப்பட்டது. இதன் விலை இன்று பெரும்பாலார்க்கு எட்டாதது.

தனக்கெனச் சேர்த்தலும் பிறர்க்கென ஈதலும்

இவ்விடத்து மக்கள் தெளிதற்குரிய ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் கொடிக் குருதியை அக்குழந்தைக்கெனவே பணம் பெற்றுக் காத்து வைக்கும் தனியார் வங்கிகள் பல நாடுகளில் உள. பிற்காலத்து வரும் நோய்களுக்கெல்லாம் அது காப்பாகும் என்னும் எண்ணம் பெற்றோரிடத்துப் பரவியிருக்கின்றது. ஆராயின் இவ்வெண்ணம் பெரும்பாலும் நிலைபெறாது. தலசீமியாவுடன் பிறந்த குழந்தையின் கொடிக் குருதியிலும் அக்குறைபாடு உண்டு. கெட்ட விதையை எடுத்து வைத்து மீள விதைத்தலாற் பயனென்னை? குழந்தைப் பருவத்து லியூக்கீமியாக்கள் பலவற்றின் முதன் மாற்றம் கருவிலேயே நிகழ்தலும் அறியப்பட்டுள்ளது. அன்றியும், பிறர் மச்சையிலுள்ள வெண்குழியங்கள் எஞ்சிய புற்றுநோய்க் கலங்களைத் தேடி அழிக்கும் நன்மை, தன் குருதியிற் கிடையாது. நோயுற்ற மூத்த பிள்ளை வீட்டில் இருப்பின், பிறக்கும் பிள்ளையின் கொடிக் குருதியைக் காத்தல் தக்கதே. ஏனையோர் அதனைப் பொது வங்கிக்கு ஈதலே பயனுடைத்து. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகத்தின் அறிவுரையும் இதுவேயாம்.

ஈதலிலும் ஓர் எல்லை உண்டு. பிறந்தவுடன் கொடியைக் கட்டாது ஒரு நிமிடமேனும் தாழ்த்திக் கட்டுதல் குழந்தைக்கு நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதந்துரை. அவ்விடைவேளையிற் குழந்தைக்குச் சேரும் குருதி, பின் மாதங்களில் இரும்புச்சத்துக் குறையாமற் காக்கும். அதனாற் சேர்க்கப்படும் கொடிக் குருதி குறையினும், பிறந்த குழந்தையின் நலமே முதற்கண் பேணப்படல் வேண்டும். அதன் பங்கை அதற்கு அளித்தபின் எஞ்சுவதே ஈகைக்குரியது.

உடன்பிறப்பைத் தமிழர் கொடியோடு சேர்த்தே பேசுவர்; கொப்பூழ்க்கொடி உறவு என்பது நெருங்கிய உறவுக்குப் பெயர். அக்கொடியின் குருதி, உறவில்லாத ஒருவரின் என்பினுள்ளும் புகுந்து தழைக்கும் என்பதை இவ்வாராய்ச்சி காட்டிற்று. யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளையின் கொடியிலிருந்து, அத்தாய் ஒருபோதும் காணாத ஒரு வீட்டிலே, குருதியேற்றி ஏற்றித் தளர்ந்த குழந்தையொன்று நலம்பெற்று எழுதல் இன்று கூடும். அது நிகழ்தற்கு விஞ்ஞானம் வேண்டியதைப் பெரும்பாலும் செய்துவிட்டது. பதிவேடுகளிற் பெயர் பதிதலும், பொது வங்கிகளுக்கு ஈதலும் மக்கள் கையில் உள்ளன. நம்மவர் பெயர்கள் அவற்றிற் பெருகுந்தோறும் நம்மவர் பிள்ளைகளுக்குப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பும் பெருகும்.